நூல்நிலையத்திற்கு அறிஞரைத் தேர்தல்

நூல்களைத் தொகுத்தல் ஒரு பணி. தொகுத்த நூல்களாற் பயன்கொள்ளுதல் மற்றொரு பணி. முன்னையது பொருளாலும் இடத்தாலும் நிறைவேறும். பின்னையது கல்வியின்கண் முதிர்ந்த அறிஞராலன்றி நிறைவேறாது. இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள், தத்தம் பெருநூல்நிலையங்களில் அறிஞரைச் சிலகாலம் இருத்தி ஆராய்ச்சி செய்விக்கின்றன. அங்ஙனம் இருத்தற்குரியார் யாவர்? அவரை எவ்வளவுகோல் கொண்டு தேர்தல் வேண்டும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு நல்விடை தருவதாகும்.

அந்நூல்நிலையம் 1800-ஆம் ஆண்டிற் சட்டசபையினரின் பயன்கருதி நிறுவப்பெற்றது. 1814-இல் ஆங்கிலப் படையினர் அந்நகரிற் புகுந்து சட்டசபைக் கட்டிடத்திற்குத் தீயிட்டபோது, ஆங்கிருந்த நூல்களும் வெந்தொழிந்தன. அப்பொழுது, முன்னர்க் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெப்பர்ஸன், தாம் பல்லாண்டு தேடித் தொகுத்த நூல்களை விலைக்குத் தர முன்வந்தார். அவை 6,487, விலை 23,950 டாலர்.

சபையிலோ பெரும் எதிர்ப்பு எழுந்தது. அயன்மொழி நூல்களும், சமயநெறிக்கு மாறுபட்ட தத்துவ நூல்களும் அவற்றுள் விரவியிருந்தமையே அதற்கு ஒரு காரணமாம். சட்டஞ்செய்வார் நோக்கவேண்டாத பொருள் யாதொன்றுமில்லை யென்பது ஜெப்பர்ஸனின் துணிபு. முடிவில், மக்கட்சபையில் 81 பேர் உடன்பட, 71 பேர் மறுக்க, பத்து வாக்கு மிகுதியால் அந்நூல்கள் 1815-இல் நூல்நிலையத்தை அடைந்தன. தமக்கு உடன்பாடாயிருத்தலன்று, ஆராய்தற்கு உரித்தாயிருத்தலே நூலுக்கு வேண்டும் தகுதி யென்னும் நெறி அன்று வெற்றிபெற்றது.

நூலுக்குக் கண்ட நெறி, நூலறிவாரைத் தேர்தற்கண்ணும் பொருந்துமோ என்னும் வினா பின்னர்த் தோன்றிற்று. 1899 முதல் 1939 வரை தலைவராயிருந்த ஹெர்பர்ட் பட்னம் காலத்திலேயே, அறநிதி கொண்டு துறைவல்லாரை அமர்த்தும் வழக்கம் அங்கே தொடங்கியது. நூல்நிலையத்தின் இருநூறாம் ஆண்டாகிய 2000-இல், ஜான் குளூகி என்னும் செல்வர் ஆறு கோடி டாலர் வழங்கினார். அவர் ஜெர்மனியிற் பிறந்து இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர். அவர் பெயராலமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் இளைய ஆராய்ச்சியாளர் தாமே விண்ணப்பித்து இடம்பெறுவர். முதிர்ந்த அறிஞர்க்குரிய பீடங்களுக்கோ நூல்நிலையத் தலைவரே அறிஞரை அழைத்து அமர்த்துவர்.

தென்னுலக நாடுகளையும் அவற்றின் பண்பாடுகளையும் ஆராய்தற்கமைந்த பீடத்திற்கு, 2003-இல் இந்திய வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் அழைக்கப்பெற்றார். பண்டை இந்தியாவைப்பற்றிய அவர்தம் கருத்துக்களை ஏலாதார் பலர் அதனைக் கண்டித்தனர். அவ்வழைப்பிற்கு மாறாக எழுந்த விண்ணப்பத்தில் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நூல்நிலையம் தன் தேர்வினின்றும் பிறழவில்லை. அவரும் அப்பீடத்தில் அமர்ந்தார். பின்னர் 2008-இல், அந்நூல்நிலையம் வழங்கும் குளூகி பரிசினையும் பீட்டர் பிரௌன் என்னும் வரலாற்றறிஞரோடு அவர் பகிர்ந்து பெற்றார்.

அவர் முடிபுகளை ஏற்பதும் மறுப்பதும் கற்பார்தம் உரிமை. ஆயினும் மறுக்கப்புகுவோரும் சான்றுகளை நாடி நூல்நிலையத்திற்கே வருதல் வேண்டுமன்றோ? ஒருவர் கொள்கை நமக்கு இனிதன்றென்று அவருக்கு வாயிலடைத்தல், அவர் கூற்றுக்கு விடையாகாது. 1815-இல் நூல்களை விலக்க முயன்றார்க்கும், 2003-இல் அறிஞரை விலக்க முயன்றார்க்கும் அந்நிலையத்தின் வரலாறு கூறும் மறுமொழி ஒன்றே.

ஆதலின், அறிஞரை முன்மொழியும் பொறுப்புடையார் மூன்றினை நோக்கல் வேண்டும். அவர் மூலநூல்களைத் தாமே கற்றவரா? தம் முடிபுக்குச் சான்று காட்டுபவரா? மறுப்பாரோடு நேர்நின்று வாதிடவல்லவரா? இம்மூன்றும் உள்வழி, அவர் நம் கட்சியினரா என்னும் நான்காம் வினா வேண்டப்படுவதன்று. முன்மொழிதலென்பது ஒருவர்பொருட்டுச் சான்று பகர்தல். நட்பும் பகையும் அச்சான்றுரையிற் புகின், தேரப்பட்டார்க்கு வரும் குறையினும் தேர்ந்தார்க்கு வரும் குறையே பெரிதாம். அதனினும் பெரிது, தக்காரின்றி வறிதே கிடக்கும் நூல்களுக்கு உண்டாகும் இழப்பு.