அண்டனானரீவோ

மடகாஸ்கரின் தலைநகர். பொருள்: ஆயிரவர் ஊர். முன்னால் நிற்கும் ‘அன்’ இடத்தைக் குறிக்கும் ஒட்டு, ‘தனானா’ ஊர், ‘அரீவோ’ ஆயிரம். மலாய்க்காரர் ஆயிரத்தை ‘ரிபு’ என்பார்கள். இரண்டும் ஒரே வேர். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவில் பேசினாலும், மடகாஸ்கரின் மொழியான மலகாசி மலாயைப் போல ஆஸ்திரோனேசிய மொழிதான். அதன் நெருங்கிய உறவு போர்னியோவில் இருக்கிறது.

‘தனானா’வில்தான் சிக்கல். நடு அசையை அழுத்தினால் ஊர்; முதல் அசையை அழுத்தினால் கை. (மலாயில் கை ‘தங்ஙன்’.) எழுத்தை மட்டும் பார்ப்பவர் இதை ‘ஆயிரம் கைகள்’ என்று படித்துவிடலாம். கேட்க அழகாக இருக்கும், ஆனால் பிழை. 17ஆம் நூற்றாண்டில் அந்த்ரியன்ஜாகா என்ற மன்னன் ஊர் அமைந்துள்ள குன்றைப் பிடித்து ஆயிரம் வீரர்களைக் காவல் வைத்தான், அவர்களால் வந்த பெயர் இது என்பது மரபு. ஆயிரம் என்பதைத் தலை எண்ணிய கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை; பெரும்படை என்று கொண்டாலே போதும் என்பது என் எண்ணம்.

குன்றின் பழைய பெயர் அனலமங்கா. ‘அலா’ காடு, ‘மங்கா’ நீலம்; ஆக, நீலக்காடு. மலகாசியில் மாம்பழமும் ‘மங்கா’தான். பழத்தின் பெயர் தென்னிந்திய மாங்காயின் வழிவந்தது என்பதால், தமிழர் காதுக்கு இது மாந்தோப்பாகவே ஒலிக்கும். உரிமை கொண்டாட வழியில்லை. நிறத்தைச் சொல்லும் ‘மங்கா’ வேறு சொல். தலைநகரைச் சூழ்ந்த மண்டலத்துக்கு இன்றும் அனலமங்கா என்றே பெயர்.