காலின் பணியைக் கை ஏற்ற வரலாறு

மாத்தளைக்கு வடக்கே, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அடுத்து விளங்குவது நாலந்தா என்னும் சிற்றூர். அங்குள்ள கெடிகே எனும் பழைய கற்கோயில், போவதென்ன நீர்த்தேக்கம் 1970களில் அமைந்தபோது நீரில் மூழ்கும் நிலையை எய்தியது. அறிஞர்கள் அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினர். நிலைமை மாறியமையால் கோயில் கைவிடப்படவில்லை. அமைந்த இடமே மாற்றப்பட்டது.

அவ்வூர்ச் சாலையில் வாகனம் செலுத்தும் மாந்தருக்கும் இம்முறை பொருந்தாதோ? மூப்பாலோ நோயாலோ உடல் தளர்ந்தவரைச் சாரதி ஆசனத்திலிருந்து இறக்கிவிடுவது ஒன்றே வழியா? நாட்டுப்புறத்தில் வாழ்வோருக்கு வாகனம் ஆடம்பரமன்று. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் உறவினர் இல்லத்திற்கும் செல்லும் வழி அதுவே.

இவ்வினாவுக்கு வரலாறு விடை தருகின்றது. 1655ஆம் ஆண்டில், ஜெர்மனியின் நியூரெம்பர்க் நகரத்துக் கடிகாரத் தொழிலாளியான ஸ்டீபன் பார்ப்ளர், நடக்க இயலாத தமக்கென, கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்துகொண்டார். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பிராங்ளின் ரூஸ்வெல்ட், 1921இல் தமது 39ஆம் வயதில் கால்களின் வலுவை இழந்தார். எனினும் கைகளாலேயே இயக்கத்தக்கவாறு அமைக்கப்பட்ட போர்ட் மோட்டார் வாகனத்தை அவரே ஓட்டினார். நெம்புகோல் ஒன்றைக் கையால் அசைத்தால், அதனோடு பிணைந்த தண்டு தடையையும் வேகமிதியையும் இயக்கும். இதுவே அதன் நுட்பம். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வாகனங்களில் தானியங்கிப் பல்லிணை வந்தபின், கிளச்சை மிதிக்கும் இடக்காலின் வேலையும் நீங்கியது.

ஆயினும் ஊர்தி கொடுத்தால் மட்டும் போதாது. அது பாதுகாப்பானதாகவும் இருத்தல் வேண்டும். பிரித்தானிய அரசு உடற்குறையுள்ளோருக்கு வழங்கிய, ஒருவர் மட்டும் அமரும் மூன்று சக்கர ஊர்திகள் பலருக்கு விடுதலை அளித்தன. ஆனால் காற்றில் தள்ளாடும் அவற்றின் பாதுகாப்புப் பற்றிய ஐயம் ஓயவில்லை. 2003ஆம் ஆண்டில் அவை சாலையிலிருந்து விலக்கப்பட்டன. சாதாரணக் காரையே உரியவருக்கேற்ப மாற்றி அமைக்கும் முறை அதற்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது. 1977இல் அங்கு தோன்றிய மோட்டபிலிட்டி அமைப்பு இதற்குத் துணைபுரிந்தது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒழுங்குபடுத்திற்று. 1997இல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெறுவோர் அதன் மருத்துவச் சான்றைப் பெறுகின்றனர். இப்பரிசோதனையைச் சிலர் அஞ்சுவர். கண்புரையை உரிய காலத்தில் கண்டு அகற்றினால், எதிர்வரும் விளக்கொளியால் கூசும் கண் தெளிவு பெறும் அன்றோ? கழுத்து திரும்பாத முதியவர் அகன்ற பக்கக் கண்ணாடியைப் பொருத்தலாம். இரவுப் பயணத்தைத் தவிர்க்கலாம். எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிட்டு வலப்புறம் திரும்பும் இடங்களில் பொறுமை காக்கலாம்.

எனினும் நினைவு தடுமாறுவோர்க்கும், திடீரென உணர்விழப்போர்க்கும் எக்கருவியும் துணையாகாது. அவ்வேளையில் சாவியை வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள், தந்தையின் பயணங்களைத் தாமே பொறுப்பேற்றல் கடமையாகும். மாற்றத்தக்கதை மாற்றுதலும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துதலும் ஒரே அக்கறையின் இரு செயல்களே.