அமாராவின் ஒன்பது பெயர்கள்

தென்கிழக்கு ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரை ஊர் அமாரா. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கென அங்குள்ள கல்லறைத் தோட்டம் ஒன்றில் 4,621 பேர் கிடக்கிறார்கள்; அவர்களுள் அடையாளம் தெரியாதவர்கள் 925 பேர். அதே ஊரில் இந்தியப் படையினருக்கெனத் தனியாக ஒன்று இருக்கிறது. அங்கே நினைவுகூரப்படுபவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பெயர் தெரிந்தவர்கள் ஒன்பதே பேர். அடக்கம் பற்றிய முழுமையான பதிவுகளைப் படைத்துறை வைத்திருக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அது பொய்யல்ல. ஆனால் அதையே விளக்கமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1915 ஜூனுக்குப் பிறகு அமாரா போர்முனையாக இருக்கவில்லை, பின்தளமாக இருந்தது. கணக்கெழுதுவதையே அன்றாட வேலையாகக் கொண்ட இடம் அது.

ஒட்டோமான் துருக்கியரை எதிர்த்து இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை 1914 நவம்பரில் ஃபாவில் கரையிறங்கி, அம்மாதமே பாஸ்ராவைப் பிடித்தது. அதற்கு மேல் ரயில் கிடையாது, சாலை என்று சொல்லத்தக்கதும் கிடையாது, ஆறுதான் வழி. 1915 ஜூன் 3 அன்று அமாராவைக் கைப்பற்றினார் ஜெனரல் டவுன்ஷெண்ட். ஆற்றில் இன்னும் மேலேயுள்ள கூத் நகரை நோக்கிப் போகும் படைக்கு அது இடைவழிக் கிடங்காகவும் மருத்துவமனை ஊராகவும் வளர்ந்தது. 1917 ஏப்ரலில் ஏழு பொது மருத்துவமனைகள் அங்கே இயங்கின. பாஸ்ராவில் கப்பலடையும் துறைமேடை தொடக்கத்தில் இல்லை. கடற்கப்பல்கள் ஆற்றின் நடுவே நின்றன. சரக்கு மகைலா எனப்படும் பாய்மரப் படகுகளுக்கு இறங்கி, அங்கிருந்து நீராவிப் படகுகளில் ஏறியது. அந்தப் படகுகளும் எப்போதும் போதவில்லை. மாவு ஏறினால் ஆள் ஏற முடியாது, ஆள் ஏறினால் மருந்து ஏற முடியாது என்ற நிலை.

இந்தப் போரில் ஒரு சிப்பாயின் சாவைப் பதுங்குகுழியிலிருந்து எழுதத் தொடங்கினால் பாதிதான் தெரியும். மீதி ஆற்றில் இருக்கிறது. 1915 நவம்பரில் டெசிஃபோன் சண்டைக்குப் பின் காயம்பட்டவர்கள் படகுத் தளங்களில் நாள்கணக்கில், கழிவுக்கு நடுவே, கட்டு மாற்றப்படாமல் பாஸ்ராவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதைக் கண்ணால் கண்டு முறையிட்ட மருத்துவ அதிகாரி மேஜர் கார்ட்டரை மேலதிகாரிகள் மிரட்டி அடக்கப் பார்த்தார்கள். அவருடைய சாட்சியம் 1917இல் வெளிவந்த மெசபடோமியா விசாரணைக் குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. அந்த அறிக்கையின் விளைவாக இந்திய விவகார அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். கூத்தில் டவுன்ஷெண்டின் படையைச் சூழ்ந்த துருக்கியரின் முற்றுகை 147 நாள் நீடித்து, 1916 ஏப்ரல் 29 அன்று அப்படையின் சரணாகதியில் முடிந்தது. அங்கே சிப்பாய்களைத் தோட்டாவோடு சேர்ந்து பசியும் ஸ்கர்வியும் தின்றன. மேலே வரவேண்டிய காய்கறி வந்திருந்தால் ஸ்கர்வி வந்திராது.

ஆகவே ஆற்றங்கரைத் தளத்தைக் காலாட்படை வீரனின் கதைக்குப் பின்திரையாக வைப்பது தவறு. அவன் சாவதா பிழைப்பதா என்பதில் பாதி அங்கேயே தீர்மானமானது. அவனுடைய பெயர் தொலைந்த இடங்களில் ஒன்றும் அதுதான் என்பது என் வாதம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, களத்துக் குழப்பம். 1916 ஜனவரி 21 அன்று, கூத்தை மீட்கப் போன படை ஹன்னாவில் போரிட்டபோது, மழையிலும் சேற்றிலும் விழுந்தவர்களை யார் பெயர் கேட்டுப் புதைத்திருக்க முடியும்? நியாயமான கேள்விதான். ஆனால் அமாராவில் அந்த 4,621 பேரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு வேறிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அப்படியிருந்தும் ஐந்தில் நான்கு பேருக்குப் பெயர் இருக்கிறது. மண்ணின் உப்பு கல்லறைக் கற்களை அரித்தபோது, 1933இல் கற்களை அகற்றிவிட்டுப் பெயர்களைச் சுவரில் பொறித்தார்கள். மனம் இருந்தால் உப்பும் தடையில்லை.

இரண்டாவது, மதம். இந்துக்களும் சீக்கியர்களும் தகனம் செய்யப்பட்டார்கள். கல்லறை இல்லாதவனுக்குக் கல் எதற்கு என்பார்கள். இந்தச் சமாதானம் பிரான்சில் உடைகிறது. 1927இல் திறக்கப்பட்ட நெவ் ஷாப்பேல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன; சாதாரணச் சிப்பாயின் பெயரும் உண்டு. இரண்டே ஆண்டு கழித்து, 1929இல், பாஸ்ரா நினைவகம் திறக்கப்பட்டது. அதில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் தலைப்பின் கீழ் எண்ணிக்கை மட்டும். ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் தொகை. மதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? தரவேறுபாடின்றி எல்லோரையும் நினைவுகூர்வோம் என்று 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம், இத்தகைய பாகுபாட்டின் பின்னால் இனவெறி இருந்ததை 2021இல் வெளியிட்ட அறிக்கையில் தானே ஒப்புக்கொண்டது.

தொகை என்பது கிடங்கின் மொழி. இத்தனை மூட்டை வந்தது, இத்தனை செலவானது, இத்தனை கையிருப்பு. மூட்டைக்குப் பெயர் வேண்டியதில்லை. பாஸ்ரா நினைவகம் முதலில் நின்றது மாகில் துறைமுகத்தில், சரக்கு இறங்கிய அதே கரையில். 1997இல் அதைப் பெயர்த்து, நசிரியா சாலையில் ஊருக்கு வெகு தொலைவில் பாலை வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கிடங்கின் மொழியை அந்தக் கரையிலேயே வைத்து வாசிக்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

தொகையாகாமல் பெயரோடு நிற்பவர்களில் ஒருவர் ராபர்ட் பால்மர். செல்போர்ன் பிரபுவின் மகன், ஹாம்ப்ஷயர் படைப்பிரிவின் கேப்டன், ஹன்னாவில் காயம்பட்டு இறந்தபோது வயது 27. 1915இல் அவர் அமாராவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் குடும்பத்தார் நூலாக அச்சிட்டார்கள். அவருடைய துயரம் குறைந்ததன்று. குறை சொல்வது என் நோக்கமுமன்று. ஆனால் ஹன்னாவில் விழுந்த சிப்பாய்க்கும் எங்கோ ஒரு பேரேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும். படையில் சேரும்போது தகப்பன் பெயரும் ஊரும் எழுதாமல் யாரையும் சேர்ப்பதில்லை. குடும்ப ஓய்வூதியமும் பெயரில்லாமல் கிடைக்காது. பணம் பட்டுவாடா செய்யப் பயன்பட்ட பெயர் கல்லுக்கு வரும் வழியில் நின்றுபோயிற்று.

கிடங்கின் அந்த மொழி இங்கேயும் வந்தது. இந்தியக் கிராமங்கள் பலவற்றில், தமிழ்நாட்டிலும், அந்தப் போருக்குப் பின் அரசு பதித்த சிறு பளிங்குப் பலகைகள் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு எண்கள். போனவர் யார், எங்கே கிடக்கிறார் என்பதைப் பலகை சொல்லாது. அமாராவில் ஐயாயிரம், இங்கே ஓர் எண். இந்த எண்ணில் எத்தனை அந்த ஐயாயிரத்துக்குள் அடங்கும் என்பதை இரண்டு கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை.