முதுகில் ஒரு துளை

மாமா போய் மூன்று மாதம் கழித்து கோவைக்குப் போயிருந்தேன். அத்தை ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு பாம் III எக்ஸ்இ, அதை நிற்கவைக்கும் கிரேடில், சுருட்டிக் கட்டிய ஒயர், ஒரு ஸ்டைலஸ்.

"நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே கண்ணு. இதுல அவரு எழுதி வச்சது ஏதாச்சும் இருக்குமா, பாரு."

இருக்காது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். பின்பக்க மூடியைத் திறந்தேன். சின்ன பென்சில் செல் இரண்டும் எப்போதோ செத்து உப்புப் பூத்திருந்தன. அந்த வகைக் கருவியில் செல் செத்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். அதை அத்தையிடம் சொல்ல மனசு வரவில்லை. "அந்தக் காலத்து லேப்டாப் இருக்கா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். பரணில் இருந்தது.

மாமா 2000-இல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது வாங்கியது அது. மறுவருடம் வேலை போய் ஊர் திரும்பினார். கல்யாண வீடுகளில் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, யாராவது நம்பர் சொன்னால் குச்சியால் கிறுக்கிக்கொள்வார். எனக்குப் பதினோரு வயது. 'ஏ' எழுத நடுக்கோடு வேண்டாம், கூரை மாதிரி ஒரு கோடு போதும் என்று சொல்லித்தந்தார். 'டி' எழுத வலப்பக்கம் இழுத்துக் கீழே இறக்கினால் போதும். கிராஃபிட்டி என்ற அந்த எழுத்துமுறையின் வடிவங்கள் பல இன்னும் என் விரலில் இருக்கின்றன.

இந்தக் கருவியின் கதையில் எல்லோரும் சொல்வது ஒரு மரக்கட்டையைப் பற்றி. ஜெஃப் ஹாக்கின்ஸ் 1992-இல் பாம் கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். முதலில் கேசியோவுடன் சேர்ந்து செய்த ஜூமர் 1993-இல் வந்து தோற்றது. அதே வருடம் ஆப்பிளின் நியூட்டனும் வந்தது. அது கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்தது ஊர் சிரிக்கும் கதையானது. அதன்பிறகுதான் ஹாக்கின்ஸ் தன் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து, சாப்ஸ்டிக்கைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டு ஊர் சுற்றினார். யாராவது "அன்றைக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பது போல நடிப்பார். அந்தக் கட்டை இப்போது கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நல்ல கதைதான். ஆனால் எனக்கு அந்தக் கட்டையைவிட கிரேடிலின் முன்பக்கம் இருக்கும் ஒற்றைப் பொத்தான்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஹாட்சிங்க் பொத்தான். அதற்கு முன்பு வந்த கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் தங்களைக் குட்டிக் கணினிகளாக நினைத்துக்கொண்டன. கணினியோடு இணைக்க வேண்டுமா, தனியாக ஒயர் வாங்கு, தனியாக மென்பொருள் வாங்கு. ஹாக்கின்ஸும் தலைமை நிர்வாகி டோனா டுபின்ஸ்கியும் அதைத் திருப்பிப் போட்டார்கள். கருவி என்பது மேசைக் கணினியின் ஒரு கை, அவ்வளவுதான். பெட்டியிலேயே கிரேடில் வரும். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

1996-இல் வந்த முதல் பைலட் 1000-இன் நினைவகம் 128 கிலோபைட். இன்று வாட்சப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதில் கொள்ளாது. விலை 299 டாலர். இரண்டு செல்களில் வாரக்கணக்கில் ஓடியது. ('பைலட்' என்ற பெயருக்குப் பேனா கம்பெனி சண்டைக்கு வந்ததும், பிறகு வெறும் 'பாம்' ஆனதும் தனிக் கதை.) ஹார்ட் டிஸ்க் கிடையாது. எழுதுவது எல்லாமே மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் ரேமில்தான் இருந்தது. செல் மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடச் சொல்வார்கள். அந்த இடைவெளியை உள்ளே ஒரு கெபாசிட்டர் தாங்கிக்கொள்ளும். அதற்குமேல் தாமதித்தால் எல்லாம் போச்சு.

இதைக் கேட்டால் மட்டமான வடிவமைப்பு என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கருவி சாகும், தொலையும், கீழே விழும் என்று முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டவர்கள் செய்தது அது. ஆகவே எந்தத் தகவலுக்கும் கருவி மட்டுமே சொந்தக்காரனாக இருக்கக்கூடாது. இன்னொரு பிரதி மேசைமேல் இருந்தே ஆகவேண்டும். பாம் மறப்பதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு பிறந்த பொருள்.

அந்த அனுமதிச் சீட்டுதான் முதுகில் இருக்கும் துளை.

ஜெம் கிளிப்பை நிமிர்த்தித் துளைக்குள் விட்டு மெல்ல அமுக்கினால் சாஃப்ட் ரீசெட். கருவி விழித்தெழுந்து, "நான் இப்போதுதான் எழுந்தேன்" என்று தன்னிடமுள்ள ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தகவல் அனுப்பும். தகவல்கள் அப்படியே இருக்கும். இங்கேதான் சிக்கலும் இருந்தது. அந்த நாட்களில் நிரல்களுக்கு நடுவே சுவர் கிடையாது. எல்லாம் ஒரே கூடத்தில் படுத்துக்கிடந்தன. எழுப்பிய குரலைக் கேட்டு ஒரு நிரல் தடுமாறி விழுந்தால் கருவியும் சேர்ந்து விழும். மறுபடி எழும், மறுபடி அதே குரல், மறுபடி விழும். திரையில் பாம் சின்னம் வந்து வந்து போகும்.

அதற்கு வழி வார்ம் ரீசெட். மேல்நோக்கி நகர்த்தும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு துளையை அமுக்கினால், யாரையும் எழுப்பாமல் கருவி மட்டும் எழும். சந்தேகப்படும் நிரலை அந்த நேரத்தில் அழித்துவிடலாம்.

இரண்டும் பலிக்காவிட்டால் ஹார்ட் ரீசெட். பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு துளையை அமுக்கி, கிளிப்பை எடுத்து, பிறகு பவரை விடவேண்டும். எல்லாத் தகவல்களையும் அழிக்கப்போகிறேன் என்று எச்சரிக்கை வரும். ஆமென்றால் மேல் பொத்தான், வேண்டாமென்றால் வேறு எந்தப் பொத்தானும். 'வேண்டாம்' என்பதற்கு இத்தனை பொத்தான்களும் 'ஆம்' என்பதற்கு ஒன்றே ஒன்றும் வைத்த அந்தப் பொறியாளர் யாரென்று தெரியாது. அவருக்கு என் வணக்கம்.

இனி நான் செய்த தப்பு. புது செல் போட்டதும் மாமாவின் கருவி உயிர் பெற்றது, பிறந்த குழந்தை மாதிரி வெறுமையாக. பரணிலிருந்து வந்த லேப்டாப்பில் விண்டோஸ் 98. பேட்டரி போயிருந்தது, சார்ஜரில் ஓடியது. பாம் டெஸ்க்டாப்பைத் திறந்தேன். மாமாவின் பெயர் இருந்தது. நாட்காட்டி, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்புகள், எல்லாம் இருந்தன. அந்த சந்தோஷத்தில் கருவியைக் கிரேடிலில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

நகல் எடுக்காமல். ஆபீஸில் ஜூனியர் பையன் யாராவது இதைச் செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பத்து நிமிடம் ஓடியது. முடிந்ததும் கருவி தானாக ரீசெட் ஆனது. பாம் சின்னம். இருட்டு. பாம் சின்னம். இருட்டு. மாமா எப்போதோ ஏற்றிவைத்த ஏதோ ஒரு குட்டி நிரல், இத்தனை வருடம் லேப்டாப்பின் பேக்கப் ஃபோல்டரில் தூங்கிக்கிடந்து, தகவல்களோடு சேர்ந்து கருவிக்குள் வந்துவிட்டது. நல்லதைத் திருப்பித் தரும் பேக்கப், கெட்டதையும் அதே விசுவாசத்தோடு திருப்பித் தரும்.

லேப்டாப்பை அணைத்தேன். காந்திபுரத்தில் ஒரு கடையில் அடாப்டர் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் கணினியில் இணைத்து, பாம் ஃபோல்டர் மொத்தத்தையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தேன். நல்லவேளை, முதல் சிங்க்கில் ஒன்றும் கெடவில்லை. அதன்பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

மாமாவின் பெயருள்ள ஃபோல்டருக்குள் நாட்காட்டிக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, செய்யவேண்டியவற்றுக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று எனத் தனித்தனி அறைகள். மற்ற நிரல்களும் அவற்றின் விருப்பத் தேர்வுகளும் 'பேக்கப்' என்ற பொது அறையில். நோய் இருந்தது பொது அறையில். ஆகவே ஹார்ட் ரீசெட்டுக்கு முன் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டேன். அழிக்கவில்லை, சிங்க் செய்யும் மென்பொருள் தேடிவரும்போது கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். பிறகு ஹாட்சிங்க் அமைப்புக்குள் போய் நான்கு பிரிவுகளுக்கும் 'டெஸ்க்டாப் கையடக்கத்தின்மேல் எழுதட்டும்' என்று வைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே இதன் எதிர்த் தேர்வும் இருக்கிறது. அதைத் தொட்டிருந்தால் வெற்றுக் கருவியின் வெறுமை லேப்டாப்புக்குப் போயிருக்கும்.

இந்த இடத்தில் அந்தக் கருவியின் இன்னொரு நுணுக்கத்தைச் சொல்லியாகவேண்டும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் சில பிட்கள் உண்டு. மாறியிருந்தால் ஒரு பிட். நாமே அழித்திருந்தால் இன்னொரு பிட்; உள்ளடக்கம் போய்விடும், ஆனால் தலை மட்டும் நடுகல் மாதிரி அடுத்த சிங்க்வரை காத்திருக்கும், "இதை அழித்தார்கள்" என்று கணினிக்குச் சாட்சி சொல்ல. ஹார்ட் ரீசெட்டில் நடுகல்லும் மிஞ்சாது. வேண்டுமென்று அழித்ததையும், விபத்தில் போனதையும் அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. இருபது வருடம் கழித்து, நாலைந்து சாதனங்களுக்கு நடுவே தகவல் ஒத்திசைக்கும் மென்பொருளில் வேலை செய்கிறேன். இதே நடுகல்லைத்தான் நாங்களும் நட்டுக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரும் 'டூம்ப்ஸ்டோன்'தான்.

மூன்றாவது ஒரு பிட் உண்டு. 'தனிப்பட்டது' என்பதற்கு. பதிவைப் பூட்டுவதெல்லாம் இல்லை. எழுத்து அப்படியே உள்ளே இருக்கும், காட்டாதே என்று ஒரு பிட் சொல்லும், அவ்வளவுதான். லேப்டாப்பில் அந்தக் கோப்பை ஒரு சாதாரண எடிட்டரில் திறந்தாலே படித்துவிடலாம்.

ஹார்ட் ரீசெட் செய்தேன். மேல் பொத்தானை அமுக்கும்போது, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கை தயங்கியது. திரையின் மூலைகளைத் தட்டி அளவு சரிபார்த்தேன். சிங்க் செய்வதற்கு முன் பாதுகாப்பு அமைப்புக்குப் போய், தனிப்பட்ட பதிவுகளை 'மறைத்துக் காட்டு' என்று வைத்தேன். பிறகு கிரேடில். கருவிக்கு இப்போது பெயர் கிடையாது, ஆகவே லேப்டாப் யாருடையது என்று கேட்டது. பட்டியலில் மாமாவின் பெயரைத் தேர்ந்தேன். இரண்டு நிமிடம். சின்னம் திரும்பி வரவில்லை. நாட்காட்டி திறந்தது.

2004-இல் வந்த டங்ஸ்டன் டி5-இல் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தை வைத்தார்கள். அதோடு அந்தப் பயமும் போனது, சிங்க் செய்யும் பழக்கமும் மெல்லப் போனது. 2010-இல் எச்பி வாங்கியது, கொஞ்ச நாளில் பெயரும் மறைந்தது. 2022-இல் இன்டர்நெட் ஆர்கைவ் பழைய பாம் நிரல்களைப் பிரவுசரிலேயே ஓடும்படி திரட்டி வைத்தது. விளையாட்டுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. மனிதர்களின் முகவரிப் புத்தகங்கள் பரணில் கிடக்கும் லேப்டாப்புகளின் பாடு.

அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகவரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அட, பால்காரர் நம்பர்கூட வச்சிருக்காரு." செய்யவேண்டியவை பட்டியலில் 'மோட்டார் ரிப்பேர்' இன்னும் முடியாமல் இருந்தது. சிரித்தார். குறிப்புகளுக்கு வந்ததும் விரல் நின்றது. தலைப்புகளுக்கு நடுவே மூன்று சாம்பல் பட்டைகள்.

"இது என்ன கண்ணு?"

"மாமா மறைச்சு வச்சது அத்தை."

"தொறக்க முடியுமா?"

"முடியும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டைலஸால் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். அதற்குக் கீழே ஏதோ ஒரு கார் நம்பரும், 2003-இல் வாங்கிய சிமெண்டுக் கணக்கும் இருந்தன. அதை ரொம்ப நேரம் படித்தார்.

"செல் எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு மாசம், ஒன்றரை மாசம். தீரறதுக்குள்ள மாத்தணும். ஒரு செல்லை மாத்திட்டுத்தான் அடுத்ததைத் தொடணும்."

பழைய செல் இரண்டையும் என்னிடமிருந்து வாங்கி அளவு பார்த்தார். மளிகை லிஸ்டில் துவரம்பருப்புக்குக் கீழே 'சின்ன பென்சில் செல் 2' என்று எழுதிக்கொண்டார்.