தனிநபர் ஆவணங்களின் காப்புப்படி

காப்புப்படி என்பது, ஓர் ஆவணத்தின் மூலம் தொலைந்தாலோ சிதைந்தாலோ அதன் உள்ளடக்கத்தை மீட்பதற்கென முன்கூட்டியே எடுத்து, மூலம் இருக்கும் இடத்தினின்றும் வேறோர் இடத்தில் வைக்கப்படும் படி ஆகும். இது நகல், பிரதி எனவும் வழங்கப்படும். மூலத்துடன் ஒரே பெட்டியில் வைக்கப்பட்ட ஒளிநகலைக் (பேச்சு வழக்கில் ஜெராக்ஸ்) காப்புப்படி எனக் கொள்ள இயலாது. பெட்டி நனைந்தால் இரண்டும் நனையும்.

தேவை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோரக் குடும்பங்கள் பல, உறவினரோடு தம்மை இன்னார் என நிறுவும் தாள்களையும் இழந்தன. 2015 டிசம்பரில் சென்னையிலும் அண்மை மாவட்டங்களிலும் ஏற்பட்ட வெள்ளத்திற்குப் பின், இழந்த ஆவணங்களுக்கு மாற்றுப்படிகளைக் கட்டணமின்றி வழங்கத் தமிழக அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. இத்தகைய வேளைகளில் பழைய நகல் ஒன்று இருப்பின், அது சட்டப்படி செல்லாததாயினும், பதிவு எண், ஆண்டு, வழங்கிய அலுவலகம் ஆகியவற்றைக் காட்டிவிடும். மாற்றுப்படி கோரும் விண்ணப்பத்திற்குப் பெரும்பாலும் இவையே தேவைப்படுகின்றன.

சட்ட நிலை

எல்லா ஆவணங்களும் ஒரே தன்மையன அல்ல. இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கிரயப் பத்திரத்தின் படி, சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். உரிய கட்டணம் செலுத்தி அதன் சான்றிட்ட நகலைப் பெறலாம். மூலத்தின் உள்ளடக்கத்தை நிறுவ அந்நகல் சான்றாக ஏற்கப்படும். பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கும் இவ்வாறே படி பெற வழியுண்டு. ஆயினும் மூலப்பத்திரத்தின் மதிப்பு தனியானது. அதனை ஒப்படைத்து வங்கியில் அடமானக் கடன் பெறும் முறை 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே உள்ளது. எனவே மூலம் தொலைந்தால் காவல்துறையில் புகார், நாளிதழ் அறிவிப்பு என நெடிய நடைமுறையை மேற்கொள்ள நேரிடும்.

பதிவு செய்யப்படாத உயிலே மிகவும் இடருக்குரியது. அதற்கு வேறெங்கும் பதிவேடு கிடையாது. எழுதியவரிடமே இருந்த உயில் அவர் இறந்தபின் காணப்படாவிடில், அவரே அதனை அழித்து நீக்கிவிட்டார் என நீதிமன்றம் ஊகிக்கக்கூடும். மாறாக, அவர் இறந்த பின்னரே அது தொலைந்தது, அல்லது விபத்தால் அழிந்தது என நிறுவினால், பேணப்பட்ட நகலைக் கொண்டே உயில் மெய்ப்பிதழ் பெறுவதற்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 237ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஒரு குடும்பத்தின் வீடு அந்த ஒற்றை நகலைச் சார்ந்து நிற்கலாம். கடனுறுதிச் சீட்டோ இதற்கு நேர்மாறானது. அதன் மூலத்திற்கே கைம்மாறும் மதிப்பு உண்டு, நகல் பெரிதும் உதவாது.

இலங்கையில் படியெடுத்தல் முறைமையிலேயே அமைந்துள்ளது. காணி உறுதியை எழுதும் நொத்தாரிசு ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்திற்கு அனுப்புகிறார். உள்நாட்டுப் போரில் பலமுறை இடம்பெயர்ந்தோர் தம் உறுதிகளை மீளப்பெற இம்முறை துணைசெய்தது. ஆனால் அலுவலகப் பதிவேடும் அழிந்துபோனவிடத்து உரிமையாளர் கையிலிருந்த நகலே எஞ்சியது.

எடுத்தலும் பேணலும்

மைப்பீச்சு அச்சுப்பொறியின் சாயமை பெரும்பாலும் நீரில் கரையும். ஒளிநகல் பொறியும் லேசர் அச்சுப்பொறியும் இடும் தூள் மை, வெப்பத்தால் தாளில் உருகி ஒட்டிய நெகிழியாதலால் நனைந்தாலும் அழியாது. ஆகவே காப்புப்படிக்குப் பின்னதே ஏற்றது. வெப்பத்தாளில் அச்சான பற்றுச்சீட்டுகள் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். அவற்றை உடனே நகலெடுத்தல் நன்று. மூல ஆவணத்தை லேமினேசன் செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. அதனைப் பிரித்தால் தாள் கிழியும். முத்திரையையும் நீர்க்குறியையும் சோதிக்க இயலாதெனச் சில அலுவலகங்கள் அத்தகைய சான்றிதழை மறுப்பதும் உண்டு. அமிலமற்ற தாளுறை போதுமானது. கறையான், இராமபாணம் ஆகிய பூச்சிகளுக்கு ஈரமான சுவரோரம் உகந்த இடம் என்பதால் பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தலாகாது.

நனைந்த தாள்களை வெயிலில் இடாமல் நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்துதல் வேண்டும். இரண்டு நாட்களுக்குள் உலர்த்த இயலாவிடில் பூஞ்சை பிடிக்கும். அந்நிலையில் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துப் பின்னர் சிறிது சிறிதாக உலர்த்தலாம்.

மின்படிகள்

வருடி கொண்டு அங்குலத்திற்கு 300 புள்ளி அளவில் எடுத்த படிமம் எழுத்தாவணங்களுக்குப் போதும். நெடுங்காலப் பேணலுக்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவம் 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வெளியானது. நெகிழ்வட்டில் சேமித்தவர்கள் இன்று அதனைப் படிக்கப் பொறி தேடுகின்றனர். இறுவட்டின் சாயப்படலமும் காலப்போக்கில் கெடும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஊடகத்திற்கு மாற்றவேண்டியுள்ளது. மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்பது கணினித் துறையில் வழங்கும் 3-2-1 விதி.

இந்திய அரசு 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர் சேவையில், துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் மூலத்திற்கு நிகரானவை என 2017இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. பயனர் தாமே வருடி ஏற்றிய படிகளுக்கு இத்தகுதி இல்லை. பலரும் இவ்வேறுபாட்டை அறியாமல், தாமே ஏற்றிய படியை மூலத்திற்கு நிகரெனக் கருதிவிடுகின்றனர்.

படிகள் பெருகுந்தோறும் அவை பிறர் கைப்படும் வாய்ப்பும் பெருகும். மின்படிகளைக் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்யலாம். ஆனால் அக்கடவுச்சொல்லை உரியவர் ஒருவர் மட்டுமே அறிந்திருந்தால், அவருக்குப் பின் அப்படிகள் குடும்பத்தாருக்குக் கிட்டா. பிறரிடம் கொடுக்கும் தாள்நகலின் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். ஆதார் அட்டைக்குக் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்புப்படியும் தரவிறக்கக் கிடைக்கிறது.