குமரக்கோட்டத்தில் எழுந்த தடை: திகடசக்கரமும் கணினிப் பிழைதிருத்தியும்

தமிழுக்குக் கணினிவழிப் பிழைதிருத்தி ஏன் இன்னும் முழுமை பெறவில்லை என்ற கேள்விக்குப் பழகிப்போன விடை ஒன்று உண்டு. விதிகள் போதவில்லை, விடுபட்டவற்றைத் தேடிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே அது. கந்தபுராண அரங்கேற்றக் கதைக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கமும் இதே போக்கில்தான் செல்கிறது. ஒரு புணர்ச்சிக்கு விதி இல்லை என்றார்கள், வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் விதி கிடைத்தது, தடை நீங்கியது. இந்த வாசிப்பு கதையின் பாதியை மட்டுமே பார்க்கிறது என்பதும், விடுபட்ட மறுபாதி இன்றைய மென்பொருளுக்கு அதிகம் பயன்படும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கதை கற்றோர் அறிந்ததே. அதில் இரண்டு திருத்தங்கள் நடப்பதுதான் போதிய கவனம் பெறவில்லை. முதல் திருத்தம் இரவில் நடக்கிறது. கந்தபுராணத்தை இயற்றிய கச்சியப்ப சிவாசாரியார் நாளுக்கு நூறு பாடல்கள் எழுதிக் காஞ்சிபுரத்து முருகன் கோயிலான குமரக்கோட்டத்துக் கருவறையில் வைத்துவிட்டு வருவார். காலையில் திறந்தால் ஏட்டில் திருத்தங்கள் இருக்கும். அவற்றுக்குக் காரணம் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இரண்டாவது திருத்த முயற்சி பகலில், அவை கூடியபின் நடக்கிறது. ‘திகடசக்கரம்’ என்ற முதற்சொல்லிலேயே ஒரு புலவர் மறிக்கிறார். அடியெடுத்துக் கொடுத்தவன் முருகனே என்ற விடை அவருக்குப் போதவில்லை. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தோடு வந்து, சந்திப் படலத்தில் விதியைக் காட்டிய பின்பே அரங்கேற்றம் தொடர்கிறது.

இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இங்கு முயற்சி இல்லை. வீரசோழியம் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நூல். கச்சியப்பரை எட்டாம் நூற்றாண்டில் வைப்போருக்கு இக்கதை இடறும், பின்னால் வைப்போருக்கு உதவும். அந்த வழக்கைத் தீர்க்காமலேயே ஒன்றைச் சொல்லலாம்: தெய்வம் திருத்திய பாடமானாலும் காரணம் காட்டியாக வேண்டும் என்பதை இக்கதையைக் காத்துவந்த மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். திகழ் + தசக்கரம் = திகடசக்கரம். ஒளிவீசும் பத்துக் கைகள் என்பது பொருள். உள்ளே தச + கரம் என்ற இன்னொரு புணர்ச்சியும் இருக்கிறது. தொல்காப்பிய வழியில் நிலைமொழி ஈற்று ழகரத்தின் முன் தகரம் டகரமாகத் திரிவதற்கு இங்கே இடமில்லை. ‘திகழ்தசக்கரம்’ என இயல்பாகவே நிற்க வேண்டும். ளகர ஈற்றுக்குத்தான் அந்தத் திரிபு உரியது: வேள் + தீது = வேடீது. தடை எழுப்பிய புலவர் தவறு செய்யவில்லை. அவர் கையிலிருந்த நூலின்படி அது பிழையேதான். ஆனால் அந்தச் செய்யுளின் நான்கு அடிகளிலும் முதலெழுத்தை அடுத்துக் ‘கட’ என்பதே எதுகையாக ஓடுகிறது. ‘திகழ்த’ என்று எழுதினால் முதலடியிலேயே அந்த ஓட்டம் முறியும். ஆக, டகரம் அறியாமையால் நேர்ந்ததன்று, தேர்ந்து வைத்தது.

இதே சொல்லைப் பிழைதிருத்தியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அச்சுநூல்களில் பெரும்பாலும் ‘திகட சக்கர’ என்று இடைவெளி விட்டே காணப்படுகிறது. அந்த இடைவெளி ‘தச’ என்ற சொல்லை நடுவே வெட்டுகிறது. சொற்பட்டியலை வைத்து இயங்கும் திருத்திக்கு இடைவெளிதான் சொல்லின் எல்லை. அது ‘சக்கர’ என்பதை மறுபேச்சின்றி ஏற்கும். அந்த இடத்தில் அப்படியொரு சக்கரமே இல்லை என்பது அதற்குத் தெரியாது. ‘திகட’ என்பதன் கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, எழுத்து நெருக்கத்தால் ‘திகட்ட’ என்று பரிந்துரைக்கவும் கூடும். சரியானதைப் பிழை என்றும், இல்லாததை உண்டு என்றும் ஒரே வரியில் இரண்டு தீர்ப்புகள்.

வீரசோழிய விதியையும் நிரலில் சேர்த்துவிடலாமே என்பார்கள். சேர்த்துப் பார்க்கலாம். ழகரத்தின் முன் தகரம் டகரமாகும் என்று பொதுவிதியாக எழுதிய மறுகணம், ஆழ்துளைக் கிணறு ‘ஆடுளைக் கிணறு’ ஆகிவிடும். எதிர்த்திசையில், ஒவ்வொரு டகரத்துக்கும் பின்னால் ஒரு ழகரமோ ளகரமோ மறைந்திருக்குமா என்று எந்திரம் தேட வேண்டிவரும். ஒரு சொல்லுக்குப் பல பிரிப்புகள் கிடைக்கும், எது சரி என்று சொல்ல விதி உதவாது. அவைப் புலவர்கள் பெற்றது விதி மட்டுமன்று. எந்தப் பிரிப்பு, எந்தப் பொருள், எந்த நூலின் துணை என்ற மூன்றும் சேர்ந்தே வந்தன.

எந்த நூல் என்பதும் சிறு செய்தி அன்று. வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரனார் பௌத்தர். வடமொழி இலக்கண முறையைத் தமிழில் பொருத்திப் பார்த்தவர். சைவப் புராணம் ஒன்று முருகன் கோயிலில் பௌத்தர் நூலின் துணையால் காப்பாற்றப்படுகிறது. ஒரே இலக்கணத்தை நிரலுக்குள் பூட்டிவைக்கும் மென்பொருள், இத்தகைய தேர்வு ஒன்றைப் பயனர் அறியாமல் செய்துவிடுகிறது.

இன்று யாரும் ‘திகடசக்கரம்’ என்று எழுதுவதில்லையே என்ற மறுப்பு நீண்ட விடைக்கு உரியதன்று. அதே காஞ்சிபுரத்தின் பட்டுக்கடை வீதியில் நடந்தால் போதும். பெயர்ப்பலகையில் ‘பட்டு சேலை’ என்று இருந்தால் திருத்தி தயங்க வேண்டியதில்லை: வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் வல்லினம் மிகும், ‘பட்டுச் சேலை’ என்பதே சரி. ஆனால் ‘சரிகை பட்டு விலை ஏறியது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சரிகையும் பட்டும் விலையேறின என்பது பொருளானால் அது உம்மைத்தொகை, ஒற்று மிகாது. சரிகை வைத்து நெய்த பட்டு விலையேறியது என்றால் ‘சரிகைப் பட்டு’ என்று மிக வேண்டும். தறிக்கு நூல் வாங்குபவருக்கு முதல் வாக்கியம் கவலை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவருக்கு இரண்டாவது. நடுவில் நிற்பது ஒரே ஒரு பகர ஒற்று. எழுதியவர் எதை நினைத்தார் என்பது எந்த விதிநூலிலும் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஸ்பானிய மொழியில் ‘சோலோ’ என்ற சொல் ‘மட்டும்’ என்றும் ‘தனியாக’ என்றும் பொருள்படும். முதற்பொருளை வேறுபடுத்த மேலே ஓர் அழுத்தக் குறி இடும் வழக்கம் இருந்தது. ஸ்பானிய அரச மொழிக்கழகம் 2010இல் வெளியிட்ட எழுத்திலக்கணம் அந்தக் குறி தேவையில்லை என்றது. எழுத்தாளர்கள் பலர் உடன்படவில்லை. 2023 மார்ச்சில் கழகம் தன் வாசகத்தை மாற்றியமைத்தது: பொருள் மயக்கம் இருப்பதாக எழுதுபவர் கருதினால் குறி இடலாம். எழுதுபவர் கருதினால் என்ற நிபந்தனையை எந்த நிரல் சோதிக்கும்? அதிகாரமுள்ள ஓர் அவையே முடிவை எழுதுபவரிடம் விட்ட இடத்தில், திருத்தி கோடிட்டாலும் தவறு, கோடிடாவிட்டாலும் தவறு.

பெருந்தரவில் பயின்ற செயற்கை நுண்ணறிவு இவற்றைக் கடந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. சூழலைக் கணிப்பதில் அது பழைய பட்டியல்களைவிடத் தேர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அது கற்பது பெரும்பான்மை வழக்கை. ஒற்றில்லாத ‘பட்டு சேலை’ ஆயிரம் இடங்களில் இருந்தால் அதுவே அதற்கு இயல்பு. கருவறை ஏட்டைப் போலவே அதுவும் பெரும்பாலும் காரணம் சொல்லாமல் திருத்தித் தருகிறது.

‘மென்தமிழ்’, நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’, ‘வாணி’ ஆகிய தமிழ்த் திருத்திகள் இத்துறையில் செய்திருக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. சந்திக்கென்றே ‘நாவி’ என்ற தனிக்கருவி ஒன்று தமிழில் தேவைப்பட்டதே சிக்கலின் அளவைக் காட்டும். எனினும் இத்தகைய கருவிகளை எத்தனை விதிகள் கொண்டவை என்பதை வைத்து மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. ‘பட்டு சேலை’ போன்ற ஐயமற்ற இடத்தில் திருத்தட்டும், எந்த விதியின்படி என்றும் சொல்லட்டும். ‘சரிகை பட்டு’ போன்ற இடத்தில் இரண்டு பொருளையும் அருகருகே காட்டி நிறுத்தட்டும். இலக்கண நூல்கள் மாறுபடும் இடத்தில் தன் விடை எந்த நூல்வழி வந்தது என்று பெயர் சொல்லட்டும். பயனர் மறுத்தால் அந்த மறுப்பையும் காரணத்தோடு பதிந்துவைத்து, அதே ஆவணத்தில் மீண்டும் கோடிடாமல் இருக்கட்டும். இந்த நான்கையும் அளவுகோலாக வைத்து இப்போதுள்ள கருவிகளை ஒப்பிடுவதே இத்துறை ஆய்வாளர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது.