விண்வெளிப் பயணமும் ஒரு கையொப்பமும்

பூப்பந்து விளையாடாத தோட்டம் நம் நாட்டில் இல்லை எனலாம். அந்த இறகுப் பந்தை எப்படி அடித்தாலும், கனமான தக்கை முன்னே வர, இறகுகள் பின்னே விரிந்து நிற்க, வேகம் தணிந்துதான் அது இறங்கும். பர்ட் ரூட்டன் என்னும் அமெரிக்க விமான வடிவமைப்பாளர், இதே முறையில் விண்ணிலிருந்து இறங்கும் கலம் ஒன்றை அமைத்தார். அதன் பெயர் ஸ்பேஸ்ஷிப் ஒன். தாய் விமானம் ஒன்று அதைச் சுமந்து சென்று உயரத்தில் விடுவிக்கும். உடனே அதன் ராக்கெட் பற்றிக்கொள்ள, கலம் மேல் நோக்கிப் பாயும். திரும்பி இறங்கும்போது அதன் வால்பகுதி மேலே மடிந்து நின்று, பூப்பந்தின் இறகுகளைப் போலக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும்.

2004ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், மைக் மெல்வில் என்ற விமானி இக்கலத்தில் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினார். தனியார் பணத்தில் கட்டிய கலத்தில் மனிதன் விண்வெளியைத் தொட்டது அதுவே முதல் முறை. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அக்கலம் 1 கோடி டாலர் பரிசையும் வென்றது. பரிசு கிடைக்கும் முன்பே, ரிச்சர்ட் பிரான்சன் என்னும் பிரிட்டிஷ் செல்வந்தர் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு நிறுவனத்தை அறிவித்துவிட்டார். அதுதான் வர்ஜின் கேலக்டிக். தொடக்கத்தில் ஓர் இருக்கையின் விலை 2 லட்சம் டாலர்.

கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதென்றால் சட்டம் வேண்டுமல்லவா? 2004 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, தரையில் இருக்கும் பொதுமக்களுக்குத் தீங்கு நேராதபடி அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்கும். கலத்தினுள் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு எட்டு ஆண்டுகள் வரை விதி செய்யாது. ஒரு மரணமோ, படுகாயமோ, மயிரிழையில் தப்பிய விபத்தோ நேர்ந்தால் மட்டும் அதற்குக் காரணமானதைத் தடுக்கலாம். பயணிக்கு நிறுவனம் எழுத்து மூலம் சொல்லவேண்டியது இது: இக்கலம் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்று அளிக்கவில்லை. அதைப் படித்துப் பயணி கையொப்பம் இடவேண்டும். ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, கையொப்பம் என்றவுடன் ஒரு கணம் நின்று யோசிக்கத் தோன்றும்.

மின்னசோட்டாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓபர்ஸ்டார் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆள் இறந்த பிறகு விதி எழுதுவது கல்லறை மனப்பான்மை என்று அவர் எதிர்த்தார். ஆதரித்தவர்களிடமும் நியாயம் இருந்தது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். விமானப் போக்குவரத்துக்கு அமெரிக்காவில் தேசியச் சட்டம் வந்தது 1926இல். தொழில் தவழும்போதே கட்டிப்போட்டால் அது எழுந்து நடக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். கைப்பணம் கொடுத்து ஆபத்தைத் தேடிச் செல்லும் செல்வந்தரைப் பற்றி எனக்கும் பெரிய கவலையில்லை. ஆனால் கூலிக்காக அருகில் நிற்பவன் இருக்கிறானே! செம்பனைக்கு மருந்து தெளிக்கும் தாய்மார்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள்.

2007ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ரூட்டனின் ஸ்கேல்ட் காம்போசிட்ஸ் நிறுவனம் புதிய ராக்கெட்டுக்கான சோதனை ஒன்றை நடத்தியது. ராக்கெட்டைக் கொளுத்தவே இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பு வாயு, குழாய் வழியே சரியாகப் பாய்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அது வெடித்தது. தொழிலாளர் மூவர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கவில்லை என்று மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம் குற்றம் கண்டு, முதலில் விதித்த அபராதம் 25,870 டாலர். ஓர் இருக்கையின் விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு!

2012இல் எட்டு ஆண்டு முடிந்தது. காங்கிரஸ் தவணையை 2015 வரை நீட்டியது.

2014 அக்டோபர் 31. அதே மொஹாவி. இம்முறை பறந்தது எட்டுப் பேர் அமரக்கூடிய ஸ்பேஸ்ஷிப் டூ. சோதனை ஓட்டம் என்பதால் உள்ளே இருந்தவர்கள் விமானிகள் இருவர் மட்டுமே. மடியும் வாலுக்கு ஒரு பூட்டு உண்டு. ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகம் வந்த பிறகே அதைத் திறக்கவேண்டும். மிகத் தாமதித்தாலும் பயணத்தைக் கைவிட நேரிடும். ஆகவே நினைவில் வைத்துச் செய்யவேண்டிய வேலைகள் பல, கிடைத்ததோ சில விநாடிகள், கலமோ அதிர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி மைக்கேல் அல்ஸ்பரி, வேகம் 0.8 மடங்கில் இருக்கும்போதே பூட்டைத் திறந்துவிட்டார். காற்றின் அழுத்தம் வாலை மடக்க, தாய் விமானத்திலிருந்து பிரிந்த 13 விநாடிகளில் கலம் சிதறியது. அல்ஸ்பரி மாண்டார். விமானி பீட்டர் சீபோல்ட் பாரசூட்டின் உதவியால் படுகாயத்துடன் பிழைத்தார்.

கைப்பிடியை இழுத்தவர் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படிச் செய்யவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மனிதனின் ஒரே தவறு கலத்தை அழிக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணித் தடுக்காமல் விட்ட ஸ்கேல்ட் நிறுவனத்தின் குறையே காரணம் என்று 2015 ஜூலையில் அது முடிவு கூறியது. அனுமதி வழங்கும் அரசாங்க அலுவலகத்தின் குறையும் வெளிவந்தது. மனிதத் தவறு பற்றிய ஆய்வு விதிப்படி அமையவில்லை என்று 2013இல் அறிந்தும், நிறுவனம் கேட்காமலே அந்த விதியிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள். பொதுமக்கள் பாதுகாப்போடு நேரே தொடர்பில்லாதவை என்று, தங்கள் கேள்விகளை மேலதிகாரிகள் வடிகட்டிவிட்டதாகவும் அங்குள்ள நிபுணர் சிலர் தெரிவித்தனர். பாதுகாப்பைக் கண்காணிப்பதும் தொழிலை வளர்ப்பதும் ஒரே அலுவலகத்தின் கடமையாக இருந்தால் வேறென்ன நடக்கும்?

அந்த முடிவு வெளியான நான்காம் மாதம், 2015 நவம்பரில், காங்கிரஸ் தவணையை 2023 வரை நீட்டியது. பிறகு சில மாதங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 2024இல் இயற்றிய சட்டத்தால் 2028 ஜனவரி 1ஆம் நாள் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். எட்டு ஆண்டு என்று தொடங்கியது இருபத்து மூன்று ஆண்டாகிறது.

விபத்துக்குப் பின் வந்த அடுத்த கலத்தில், உரிய கட்டம் வரும் முன் அந்தக் கைப்பிடியை அசைக்கவே முடியாதபடி தானே தடுக்கும் ஒரு சிறு பொறியைப் பொருத்தினார்கள். 2023 ஜூன் மாதத்தில் கட்டணப் பயணம் தொடங்கியபோதும் அது அங்கே இருந்தது. சட்டம் சொல்லி வைத்ததல்ல. அல்ஸ்பரி இறந்த பின் வைத்தது.